அடைத்த சுவிட்ச்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் ஐயா. இந்தக் குளிருக்குக் கோப்பையைக் கீழே வைத்தால் ஐந்தே நிமிடத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும். எங்கள் பேக்டரித் தூள்தான், ஆனால் இரண்டாம் தரம். முதல் தரமெல்லாம் லோரியில் தாப்பாவுக்கு இறங்கி அங்கிருந்து எங்கெங்கோ போய்விடும். குறையாகச் சொல்லவில்லை. இதுவும் நல்ல தேநீர்தான்.

நீங்கள் கிள்ளான் பக்கம் என்றீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டிலும் லைட்டை அணைக்கமாட்டீர்கள், அடைப்பீர்கள். ஒருமுறை கோயில் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சொற்பொழிவாளர் வந்திருந்தார். தங்கியிருந்த அறையில் யாரோ அவரிடம், "ஐயா, தூங்குறப்ப லைட்ட அடைச்சிருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் எழுந்துபோய் ஜன்னலை அடைத்துவிட்டு, லைட் எரிய எரியப் படுத்திருந்தாராம். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். மலாய்க்காரர்கள் சுவிட்சைத் 'துத்துப்' செய்வார்கள், மூடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நாமும் அடைக்கப் பழகிவிட்டோம். லைட்டை அடை, ஃபேனை அடை, ரேடியோவை அடை. எல்லாவற்றுக்கும் நிறுத்து என்றுதான் பொருள்.

மின்சாரத் தொழிலில் அது நேர்மாறு. சுவிட்சை அடைத்தால் கரண்டு ஓடும், திறந்தால் நிற்கும். ஆற்றுக்குப் பாலம் போடுவது மாதிரி, பலகை இரண்டு கரையையும் சேர்த்து அடைத்தால்தான் ஆள் நடக்கமுடியும். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் இந்த ஒரு சொல்லால் இரண்டு முறை தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் எனக்கு அது மறக்காது.

என் பெயர் சிவசாமி. வயது முப்பத்தொன்பது. இந்தத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். எழுபத்திரண்டில் பேக்டரியில் வயர்மேனாகச் சேர்ந்தேன், எழுபத்தெட்டில் சார்ஜ்மேன் பரீட்சை பாஸ் செய்தேன். மோட்டார், சுவிட்ச், வயர் என்று பேக்டரியில் கரண்டு தொடும் எல்லாவற்றுக்கும் அன்றிலிருந்து நான்தான் பொறுப்பு. லைனில் பிறந்து அந்தப் பரீட்சை எழுதியவன் இந்த மலையில் எனக்கு முன்னால் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாக்குமூலத்தை நானே முன்வந்துதான் கொடுக்கிறேன். உங்கள் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது உண்மைதான், ஆனால் அது வராவிட்டாலும் நான் வந்திருப்பேன்.

எண்பத்து மூன்றில் பேக்டரிக்கு அந்தப் பெட்டி வந்தது. அதற்கு முன்னால் ஒரு சுவர் முழுக்க ரிலேக்கள் இருந்தன, கரண்டு இருக்கும்வரை பிடித்திருந்து, போனால் விழுந்துவிடும் சுவிட்சுகள். மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் வயர், டிக் டிக் என்று நாளெல்லாம் சத்தம், மழைக்காலத்தில் பூஞ்சணம். அவ்வளவையும் எடுத்துவிட்டு, சாமி அலமாரி அளவுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தார்கள். எந்த மெஷின் எப்போது ஓடவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது நடத்திக்கொள்ளும். ஆட்கள் அதற்கு மூளைப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். ஈப்போவில் மூன்று வாரம் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கூடப் படித்த எட்டுப் பேரும் சுரங்கம், ரயில்வே, சிமெண்டு என்று பெரிய இடத்து ஆட்கள். கடைசி நாள் பாடம் நடத்தியவர் என் நோட்டை வாங்கி மற்றவர்களுக்குக் காட்டினார்.

காட்டியது ஏன் என்று சொல்கிறேன். மற்றவர்கள் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகக் கட்டளை எழுதினார்கள். பத்து மெஷின் என்றால் பத்துத் தடவை, பத்து விதமான தப்பு. நான் ஒரே ஒரு கட்டளையைச் சொந்தமாக வடிவமைத்தேன். தோட்டத்து ஆபீசில் லீவு பாரம் இருக்கிறதல்லவா, அச்சடித்தது ஒன்றுதான், பெயரும் தேதியும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதுபோலத்தான். என் கட்டளைக்குள் ஐந்து காலி இடங்கள். ஓட்டும் பச்சைப் பொத்தான் எது, நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எது, மெஷின் மூடியில் இருக்கிற காவல் சுவிட்ச் எது, மோட்டார் சூடேறினால் சொல்லும் ரிலே எது, ஓடவேண்டிய மோட்டார் எது. இந்த ஐந்தையும் நிரப்பினால் போதும். உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கவேண்டியதில்லை. ஒருமுறை சரியாக எழுதினால் நூறு இடத்தில் போடலாம். கட்டளைக்குப் பெயர் வைக்கப் பெட்டியில் எட்டு எழுத்து இடம் உண்டு. நான் நான்கு எழுத்துதான் எடுத்துக்கொண்டேன். எஸ், ஐ, வி, ஏ. திரையில் அந்தப் பச்சை எழுத்துகளை முதல்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த மலையில் கரண்டு எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. மழை பெய்து கீழே எங்காவது மரம் விழுந்தால் போய்விடும். பழைய நாளில் கரண்டு போனால் எல்லா ரிலேயும் விழுந்துவிடும். வந்த பிறகு ஓர் ஆள் மணி அடித்துவிட்டு, மெஷின் மெஷினாக நடந்துபோய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும். இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அரைத்த கொழுந்து புளித்துவிடும், துரை முகமும் புளித்துவிடும். என் கட்டளை எதையும் மறக்காது. பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது. எது ஓடிக்கொண்டிருந்தது என்று நினைவில் வைத்திருந்து, கரண்டு வந்ததும் அதை அதுவாகவே ஓட்டும். துரை நாற்பது வினாடியில் பேக்டரி முழுவதும் விழித்துக்கொள்வதைக் கடிகாரம் பிடித்துப் பார்த்தார். என் தோளில் தட்டினார். நாற்பது ஆண்டு கவாத்து வெட்டிய என் அப்பாவின் தோளில் எந்தத் துரையும் தட்டியதில்லை.

பதினான்கு மெஷினுக்கும் அந்தக் கட்டளையைப் போட்டேன். முதலில் கொழுந்தை வாட்டும் எட்டுக் காற்றாடிகள். காற்றாடிக்கு மூடி கிடையாது. ஆனால் காலி இடத்தைக் காலியாக விட்டால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. அதற்காக எப்போதும் அடைத்தே இருக்கிற ஒரு சுவிட்சைப் பெட்டிக்குள் கற்பனையாக உண்டாக்கி, மூடியின் இடத்தில் அதைப் போட்டேன். மூடி இல்லாத மெஷினுக்கு மூடி எப்போதும் மூடியிருக்கிறது என்று கணக்கு. அதில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். பிறகு அதையே நகல் எடுத்து, பொத்தானையும் மோட்டாரையும் மட்டும் மாற்றி, மற்ற மெஷின்களுக்குப் போட்டேன்.

பதினோராவது, திருகு மெஷின். கொழுந்தை உள்ளே இழுத்து நசுக்கி வெளியே தள்ளுவது. அதற்கு மூடி உண்டு. மூடியில் காவல் சுவிட்சும் உண்டு. நகல் எடுத்தபோது அந்த ஓர் இடம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. அதாவது மூடியைத் திறந்து வைத்தாலும், மூடியிருக்கிறது என்றே பெட்டி நம்பும்.

எண்பத்து நான்கு நவம்பரில், மழைநாளில், பிற்பகல் மூன்று மணி வாக்கில் கரண்டு போனது. திருகு மெஷினை ஓட்டுபவர் நாகப்பன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி மணியம்மா அங்கேயே துப்புரவு வேலை. கரண்டு இல்லாத நேரம்தான் திருகில் ஒட்டிய கொழுந்தைச் சுரண்ட வசதி என்பது பேக்டரியில் பழைய வழக்கம். நாகப்பன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு மூடியைத் திறந்தார். கனமான மூடி, ஓர் ஆள் தூக்கிப் பிடிக்கவேண்டும். அவர் பிடித்துக்கொண்டார், மணியம்மா கையை விட்டுச் சுரண்டினார். கரண்டு வந்தது. மெஷின் ஓடியது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாரே என்று கேட்பீர்கள். கரண்டு இல்லாதபோது பெட்டியும் தூங்கிக்கொண்டிருந்தது. பழைய ரிலேக் காலத்தில் அழுத்தாவிட்டாலும் நின்றிருக்கும். இப்போது அழுத்தியும் அது கேட்கவில்லை.

மணியம்மாவை லோரியில் போட்டுத் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாகப்பன் அவர் தலையை மடியில் வைத்திருந்தார். உங்களுக்கு அந்த ரோடு தெரியும், எத்தனை வளைவு என்று. பாதி வழியில் மணியம்மா போய்விட்டார்.

மறுநாள் காலை துரையும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியும் போலீசும் தாப்பாவில் இருந்தார்கள். ஆட்களெல்லாம் லைனில். பேக்டரியில் நான் மட்டும் இருந்தேன். தையல் மெஷின் பெட்டி போல் இருக்கும் அந்த எழுதும் கருவியைச் செருகி, பதினோராவது மெஷினைத் திறந்து, மூடியின் இடத்தில் உண்மையான சுவிட்சின் எண்ணைப் போட்டேன். மூடியைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன், ஓடவில்லை. மூடிவிட்டு ஓட்டினேன், ஓடியது. எல்லாம் சேர்த்து நாற்பது வினாடி.

பதினோரு நாள் கழித்து இதே அறையில், இதே மேசையில் விசாரணை நடந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த என்ஜினியர், இங்கிலீஷ்காரர். பக்கத்தில் இலாகா அதிகாரி, மலாய்க்காரர், இளைஞர். மூடியின் சுவிட்சைச் சோதித்தார்கள், சரியாக வேலை செய்தது. அப்படியானால் மூடி திறந்திருந்தும் மெஷின் எப்படி ஓடியது என்று கேள்வி வந்தது. சில ஆட்கள் சோம்பலுக்குக் காவல் சுவிட்சை வயரால் கட்டிவிடுவது உண்டு என்றேன். அது உண்மை, உங்களுக்கே தெரிந்திருக்கும். நாகப்பனின் டூல் பெட்டியில் வயர் இருந்தது. நான் அதை வைக்கவில்லை. யார் பெட்டியில் வயர் இல்லை? எங்கே பார்க்கலாம் என்று மட்டும்தான் சொன்னேன்.

நாகப்பனுக்கு இங்கிலீஷ் வராது. கிராணி ராமையா மகள் கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். நாகப்பன் அந்த மலாய் அதிகாரியைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த மலாயில் தொடங்கினார். "சாயா சுடா துத்துப்..." என்று, அதாவது நான் அடைத்துவிட்டேன் என்று. நான் அவர் கையைத் தொட்டேன்.

"தமிழ்லயே சொல்லுங்கண்ணே. ஒங்க மலாய் அவருக்கு வெளங்காதுலா. நான் பதமா எடுத்துச் சொல்றேன்."

"சரி தம்பி. நீதான் எனக்குத் தொண" என்றார். என்ஜினியரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார். "ஐயா, நான் சுவிட்ச அடைச்சேன். அடைச்சிட்டுத்தான் மூடியத் தெறந்தேன். சாமி சத்தியமா அடைச்சேன்."

அவர் சுவிட்சை அடைத்தார், அடைத்த பிறகு மூடியைத் திறந்தார், கடவுள்மேல் ஆணையாக அடைத்தார் என்று இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

என்ஜினியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாகப்பனை நிமிர்ந்து பார்த்தார். இருட்டிலே இந்த மனிதன் ஓட்டும் பொத்தானை அழுத்தியிருக்கிறான், அழுத்திவிட்டு மனைவியை உள்ளே கைவிடச் சொல்லியிருக்கிறான், அதை இரண்டு கை கூப்பி ஒப்புக்கொள்கிறான் என்று அவருக்குப் பட்டது. அந்த இளைஞர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். அடைத்தார் என்றால் நிறுத்தினார் என்றுதானே அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். புத்திசாலிப் பையன். மின்சாரப் பாஷையில் சுவிட்சை அடைத்தால் கரண்டு ஓடும் ஐயா என்றேன். அவர் என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் தலையாட்டினார். அதுவும் உண்மைதானே.

நாகப்பனுக்கு வேலை போனது. வேலை போனால் லைன் வீடும் போகும். மகள் தாமரையை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் திரிங்காப்பில் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்தில் சேர்ந்தார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் ஒரு சாக்கு முட்டைக்கோசோடு என் வீட்டுக்கு வருவார். "நீ மட்டும் பேசலன்னா என்னை ஜெயில்ல போட்டிருப்பாங்க தம்பி" என்பார். என் மனைவி சரோஜா சாப்பாடு போடுவாள். சாப்பிடும்போது அவருடைய வலது கை ஆட்காட்டி விரலைக் கவனித்தேன். அதை மடக்கியே வைத்திருந்தார். மற்ற நான்கு விரலால் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். மண்வெட்டி பிடிப்பதும் அப்படித்தானாம். பொத்தானை அழுத்திய விரல் அது.

முதல் வருஷம் கேட்டார். "செவப்பத்தானே அமுக்குனேன் தம்பி? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெறகு ஏன் ஓடுச்சு?"

"பதட்டத்துல கை பச்சைக்குப் போயிருக்கும்ணே. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு."

இரண்டாம் வருஷம் அவர் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "நெனச்சுப் பாத்தேன் தம்பி. பச்சையத்தான் அமுக்கியிருக்கேன். இந்தக் கையாலதான் மணியக் கொன்னேன்." ஒருவர் மனதில் இருக்கும் கேள்வியை அப்படியே விட்டுவைப்பதைவிட ஒரு பதிலைக் கொடுத்துவிடுவது நல்லது என்று நான் நினைத்தேன். கேள்வி இருந்தபோது அவருக்குத் தூக்கம் இல்லை. பதில் கிடைத்த பிறகு கொஞ்சம் உடம்பு தேறினார்.

உங்கள் கடிதத்தில் இருக்கிற இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். எண்பத்தைந்தில் கம்பெனி என் கட்டளையை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் இன்னொரு பேக்டரிக்கும் அனுப்பியது. டேப்பில் நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். காற்றாடிகளும் திருகு மெஷினும் பழையபடி, அந்த எப்போதும் அடைத்த சுவிட்சோடு. எண்பத்து நான்குக்கு முந்திய டேப் அது. புதிதாக ஒன்று எடுத்திருக்கலாம். ஆனால் தேதி மாறினால், ஏன் மாறியது என்று யாராவது கேட்பார்கள். இந்த ஆண்டு மார்ச்சில் அங்கே சின்னக்கருப்பன் என்பவருக்கு மூன்று விரல் போனது. நிபுணர் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கவும் என்னைத்தான். அவரும், "அடைச்சிட்டுத்தான்யா கைய வச்சேன்" என்றார். நான் அதையே இங்கிலீஷில் சொன்னேன். ஆள் பெயரையும் மெஷின் எண்ணையும் தேதியையும் மட்டும் மாற்றவேண்டியிருந்தது. மற்றபடி போன தடவை எழுதியதே போதுமாக இருந்தது.

அங்கே புதிதாக வந்த என்ஜினியர் பெட்டியிலிருந்து கட்டளைகளை அச்செடுத்துப் படித்திருக்கிறார். பொதுவாக யாரும் படிப்பதில்லை. படித்தவர் பதினோராவது மெஷினில் மூடியின் இடத்தைப் பார்த்திருக்கிறார். மேலே என் பெயர் இருந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் உங்கள் பைலில் இருக்கும். இனி சொல்வது இருக்காது.

மூடியின் இடம் மாறாமல் நின்றுவிட்டது என்று சற்று முன் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். வைத்த மாதமே எனக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள், திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை மாற்றவேண்டுமானால் திருத்தப் புத்தகத்தில் எழுதவேண்டும், துரை அதைப் படிப்பார். என்னை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்புவதாக அப்போது பேச்சு இருந்தது. தப்பில்லாத கட்டளை என்றுதான் அந்தச் சிபாரிசில் என் பெயரை எழுதியிருந்தார்கள். பதினான்கு மாதம் அது அப்படியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் மணியம்மா என் அறைக்கு வந்தார். கையில் துடைப்பம், தலையில் சிவப்புத் துணி. வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"தம்பி, கரண்டு வந்தா அந்தத் திருகு மெஷினு தானா சுத்துதுலா. மூடி தெறந்திருந்தாலும் சுத்துது. நேத்து என் துணிய இழுக்கப் பாத்துச்சு. இவருகிட்டச் சொன்னா நம்பமாட்டேங்கிறாரு. சிவசாமி தம்பி செஞ்சதுல தப்பு இருக்காதுங்கிறாரு."

"பாக்குறேன்க்கா. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதீங்க, பயந்துக்குவாங்க."

"சொல்லல தம்பி. நீ பாத்தாப் போதும்."

அவர் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் வாக்கு தவறாதவர். ஆக, கேட்டும் நம்பாத நாகப்பனை விட்டால், இந்த மலையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

கரண்டு வந்தது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் விசாரணையில் அப்படித்தான் சொன்னேன், யாரும் மேலே கேட்கவில்லை. எங்கள் பேக்டரியில் கரண்டு அதுவாக வராது. கரண்டு போனால் மெயின் சுவிட்ச் கீழே விழுந்துவிடும். கம்பியில் மறுபடி கரண்டு வந்தால் என் அறையில் ஒரு விளக்கு எரியும். பிறகு ஓர் ஆள் மணியை மூன்று தரம் அடித்துவிட்டு, மெயினைக் கையால் தூக்கிப் போடவேண்டும். அந்த ஆள் நான். நாற்பது வினாடிக் கணக்கு வந்த பிறகு மணி அடிப்பதை நிறுத்தியிருந்தேன். மணிக்கயிறு அறையிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

என் அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் திருகு மெஷின் தெரியும். அன்று விளக்கு எரிந்ததும் எழுந்தேன், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாகப்பன் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். சிவப்புத் துணி குனிந்திருந்தது. துரை மேலே ஆபீசில் கடிகாரத்தோடு இருப்பார் என்று தெரியும். நான் பத்து எண்ணினேன். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். மெஷின் தானாகச் சுற்றும் என்று எச்சரித்தவரே அவர்தான். வேறு யாராக இருந்தாலும் மணி அடித்திருப்பேன். தெரிந்தவர்தானே, நேரம் பார்த்துக் கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எண்ணி முடித்தபோதும் கை உள்ளேதான் இருந்தது. மெயினைத் தூக்கிப் போட்டேன்.

அன்று இந்த மேசையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், சுவிட்சை அடைத்தது யார் என்று. நான்தான் அடைத்தேன்.

நாகப்பண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள், வரும்போது பார்த்தேன். பக்கத்தில் சாக்கு வைத்திருக்கிறார், எனக்காகத்தான் இருக்கும். விரல் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. அவரிடம் இதை நீங்கள் சொல்லவேண்டாம். இரண்டரை ஆண்டாக அவர் கேட்டு நம்பிய குரல் என்னுடையது. நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது ஐயா. இன்னும் ஒரு வேலை பாக்கி. இந்த வாக்குமூலம் கோலாலம்பூருக்கு இங்கிலீஷில் போகவேண்டும் என்றீர்கள், கிராணிக்கு இந்த மின்சாரச் சொற்கள் வராது என்று கவலைப்பட்டீர்கள். அங்கே இதைப் படிக்கப்போவது மின்சாரம் தெரியாத வக்கீல்களும் அதிகாரிகளும்தான். அவர்கள் வீட்டிலும் நம்மைப் போலத்தான் லைட்டை அடைப்பார்கள். மணியம்மா கையை உள்ளே விட்டிருந்தார், அதைப் பார்த்ததும் நான் மெயின் சுவிட்சை அடைத்தேன் என்றே எழுதுகிறேன். அந்தக் காகிதத்தை இப்படிக் கொடுங்கள். ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன்.